கோணல் நாற்காலியைப் பிரித்த வாரம்

தெருவில் அவளுக்குப் பெயர் சிஸ்டர். உண்மையில் அவள் நர்ஸ் படிப்புப் படித்தவள் அல்ல. படுக்கையில் கிடப்பவரைப் புண் வராமல் திருப்பிப் போடுவது, வழுக்காமல் குளிப்பாட்டுவது, விழாமல் நடக்க வைப்பது என்று பராமரிப்பு வேலைக்குப் பயிற்சி எடுத்தவள். முதலில் ஆஸ்பத்திரியிலும் பிறகு வீடு வீடாகவும் போய் வேலை பார்த்தாள். வேலையை விட்டு வெகுகாலம் ஆகியும் பட்டம் மட்டும் போகவில்லை. அடுத்த வீட்டு டெய்லர் விரலில் ஊசி ஏறினால்கூட, பெற்ற தாயைக் கூப்பிடமாட்டார், "சிஸ்டர்!" என்றுதான் அலறுவார்.

அவள் கணவரைச் சோபாக்காரர் என்பார்கள். வீட்டின் முன்னறைதான் அவருக்குக் கடை. ஊரில் உள்ள சோபாக்களும் மெத்தை நாற்காலிகளும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அந்த அறையில் வயிற்றைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்திருக்கும். அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. முன்னறையில் இப்போது ஒரு கட்டில். கட்டிலில் அக்கா.

அக்கா என்றால் சிஸ்டருக்குக் கூடப் பிறந்த அக்கா. பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் சோர்ந்து போயின. வாய் சோரவில்லை. முதல் வாரம் கொஞ்சம் குழறியது. அந்த ஒரு வாரம்தான் வீட்டில் நிம்மதி இருந்தது என்று சிஸ்டர் வருகிறவர்களிடமெல்லாம் அக்காவின் காதுபடவே சொல்வாள்.

அக்காவுக்கு ஒரே மகன். வேலை வெளியூரில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவான். நல்ல பிள்ளைதான், ஆனால் கவலைப்படுவதையே இரண்டாவது உத்தியோகமாக வைத்துக்கொண்டிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை புது மெத்தை நாற்காலி ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். பார்க்கப் பன்றிக்குட்டி மாதிரி கொழுகொழுவென்று இருந்தது. அம்மாவை மெல்ல நடத்தி வந்து அதில் உட்கார வைத்தான். உட்கார்ந்ததுதான் தெரியும், அக்காவின் முழங்கால் மோவாய்க்கு வந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தால் நாற்காலி விடவில்லை. கடைசியில் மகன் ஒரு பக்கமும் சிஸ்டர் ஒரு பக்கமுமாகக் கிணற்றிலிருந்து எடுப்பதுபோல் எடுக்க வேண்டியிருந்தது.

மகன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான்.

"சித்தி, இது சரிப்படாது. நான் நாற்காலியைச் சொல்லல. தடவைக்குத் தடவை அம்மாவை நீங்க தூக்கினா, நாளைக்கு உங்களை யார் தூக்கறது? உங்களுக்கும் வயசாகுது. முதியோர் இல்லத்துல ஒரு இடம் சொல்லி வச்சிருக்கேன். நல்ல இடம். ஆள் பலம் இருக்கு."

அக்கா எதற்கும் பதில் வைத்திருப்பவள். அன்றைக்கு மட்டும் நல்ல கையால் சோர்ந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்தாள். சிஸ்டருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"அவளா எழுந்திருச்சா?" என்று கேட்டாள்.

"என்ன சித்தி?"

"யாரும் தொடாம, தானா உட்கார்ந்து, தானா எழுந்திருச்சா?"

"எழுந்திருச்சுட்டா இல்லம் எதுக்கு? இங்கேயே இருக்கட்டும். எனக்கு மட்டும் அம்மாவை அனுப்ப ஆசையா?"

"அப்போ அடுத்த ஞாயித்துக்கிழமை வா. வந்து கண்ணால பாரு."

"ஒரு வாரத்துலயா!"

"ஒரு வாரம் போதும். போகும்போது இந்தப் பன்றிக்குட்டியையும் ஏத்திக்கிட்டுப் போ. இதுல உட்கார்ந்தா நானே எழுந்திருக்க மாட்டேன்."

அவன் போன பிறகு அக்கா கேட்டாள். "வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிட்ட. எதுல என்னை உட்கார வைக்கப் போற? உன் தலையிலயா?"

"நாற்காலி இருக்கு."

"எந்த நாற்காலி?" அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. "ஐயையோ, அந்தக் கோணல் நாற்காலியா!"

அந்த நாற்காலி பின்னறையில் பழைய போர்வைகளையும் உடைந்த மின்விசிறியையும் சுமந்துகொண்டு கிடந்தது. சோபாக்காரர் கல்யாணமான முதல் வருஷம் தன் வீட்டுக்கென்று செய்த நாற்காலி. கை வைக்கும் இடம் அகலம். சரியான உயரம். கட்டை நல்ல கட்டை. தட்டினால் இன்றைக்கும் கணீரென்று சொல்லும். உட்காரும் இடம் மட்டும் நடுவில் தொய்ந்து, பூனை படுத்து எழுந்த பள்ளம்போல் ஆகியிருந்தது. கைப்பிடியும் உயரமும் நன்றாக இருந்தால் மற்றது எல்லாம் திருத்தக்கூடியது என்பது சிஸ்டரின் கணக்கு. எழுந்திருக்க முடியாதவர்களை அவள் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறாள். பாதிப் பேருக்குக் கோளாறு காலில் இல்லை, உட்கார்ந்த இடத்தில்தான்.

அந்த நாற்காலிக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. அதில் யார் உட்கார்ந்தாலும் இடது பக்கம் சரிவார்கள். கல்யாணமான புதிதில் விருந்துக்கு வந்த அக்கா, அப்போது அவள் பெரிய இடத்து மருமகள், அதில் உட்கார்ந்துவிட்டு எல்லோர் முன்னாலும் சிரித்தாள். "என்ன மாப்பிள்ளை, இடது பக்கமா வழுக்கிட்டுப் போகுது? ஊருக்கெல்லாம் இப்படித்தான் செஞ்சு கொடுக்கிறீங்களா?" சோபாக்காரர் கோபப்படவில்லை. "அது அளவெடுத்துச் செஞ்சதுங்க அண்ணி. உங்க அளவு இல்ல," என்றார். அக்கா விடுவாளா? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இங்க செய்யத் தெரியாதவர் உட்காரறவளைக் கோணல்ங்கறார்," என்றாள். அன்றிலிருந்து அதற்குக் கோணல் நாற்காலி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

சிஸ்டர் மறுநாளிலிருந்து அந்த நாற்காலியைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். வேலைவிட்டு வந்தால் அதில்தான் உட்காருவாள். விருந்தாளி வந்தால் எழுந்து இடம் தரமாட்டாள். பாவம், முதல் வருஷம் செய்தது, கோணிப்போய்விட்டது. நான் உட்கார்ந்துகொண்டால் வேறு யாரும் உட்கார்ந்து குறை சொல்ல மாட்டார்கள் என்பது அவள் எண்ணம். கணவரிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் அது குறை சொன்னது ஆகிவிடாதா? கொஞ்ச நாளில் அவளுக்குக் கோணல் தெரியாமலே போயிற்று. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் நாற்காலியை முன்னறைக்கு இழுத்து வந்து, பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் தலைகீழாகக் கவிழ்த்தாள். சோபாக்காரரின் தகரப்பெட்டியிலிருந்து சுத்தியலும் குறடும் பிளவு நாக்கு உள்ள ஆணி பிடுங்கியும் வெளியே வந்தன. துணி இழுத்துப் பிடிக்க ஒரு கை குறைந்தபோதெல்லாம் அவள்தான் அந்தக் கை. அதனால் எதை எங்கே அடிப்பது, எதை எதற்குப் பிறகு இழுப்பது என்பது அவள் கண்ணுக்குத் தெரியும். கைக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

"பெரிய ஆபரேஷன் பண்ணப்போற மாதிரி நிக்கிற," என்றாள் கட்டிலிலிருந்து அக்கா. "கத்தியைப் போட்டுக் கிழிச்சுத் தள்ளு. பழைய துணிதானே."

"கிழிக்கக் கூடாது. பழைய துணிதான் புதுத் துணிக்கு அளவு. அது போச்சுன்னா டெய்லர் எதைப் பார்த்து வெட்டுவாரு? உன் மூஞ்சியைப் பார்த்தா?"

"என் மூஞ்சியைப் பார்த்து வெட்டினா அழகாத்தான் வரும்."

கடைசியாக அடித்ததை முதலில் எடுக்க வேண்டும் என்பது சோபாக்காரரின் சட்டம். அடியில் தூசி மறைக்கும் கறுப்புத் துணி, பிறகு முதுகின் வெளிப்புறம், கைகளின் வெளிப்புறம், அப்புறம் உள்முதுகு, உள்கைகள், எல்லாவற்றுக்கும் கடைசியில் உட்காரும் இடம். சிஸ்டருக்கு இது புதிதல்ல. சோர்ந்த பக்கம் உள்ளவருக்குச் சட்டை மாட்டும்போது சோர்ந்த கையை முதலில் நுழைக்க வேண்டும்; கழற்றும்போது நல்ல கை முதலில், சோர்ந்த கை கடைசியில். வரிசை மாறினால் அங்கே தோள்பட்டை பிசகும், இங்கே துணி கிழியும். தினமும் காலையில் அக்காவுக்குச் செய்கிற அதே வேலையை நாற்காலிக்கும் செய்யத் தொடங்கினாள். எடுத்த ஒவ்வொரு துண்டிலும் சாக்குக்கட்டியால் அடையாளம் போட்டாள். ஆணிகளை ஒரு டப்பாவில் சேர்த்தாள்.

மேல்துணியை உரித்தால் அடியில் இன்னொரு துணி இருந்தது.

"என்னடி, உரிக்க உரிக்க வெங்காயம் மாதிரி வருது?" என்றாள் அக்கா.

அது சோபாக்காரரின் வழக்கம். அடுத்தவர் சோபாவை எலும்பு தெரியும்வரை பிரித்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். தன் வீட்டு நாற்காலிக்கு மட்டும் சட்டைமேல் சட்டை போடுவதுபோல் பழைய துணியின் மேலேயே அடுத்ததை வைத்து அடித்துவிடுவார். அதுவும் வாடிக்கையாளர் வேலையில் மிச்சம் விழுந்த துணி. "ஒரு தடவையாவது உள்ள பிரிச்சுப் பாருங்களேன், கோணல் போயிடும்," என்று சிஸ்டர் ஒருமுறை வாய்தவறிச் சொன்னாள். "உள்ள எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவர் டீ கேட்டார். சோம்பேறித்தனம் என்று அவள் விட்டுவிட்டாள்.

மேலே இருந்தது சாம்பல் நிறக் கோடு போட்ட துணி. பல் டாக்டர் வீட்டுக் காத்திருப்பறை நாற்காலிகளில் மிச்சம். அந்த டாக்டரிடம் கூலிக்குப் பதிலாக ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார் சோபாக்காரர். வாயில் பஞ்சோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தார். அதற்கடியில் சிவப்பு வெல்வெட்டு. பழைய தியேட்டரின் பால்கனி இருக்கைகளுக்குப் போட்டது. வேலை முடிந்ததும் தியேட்டர்காரர் இரண்டு டிக்கெட் கொடுத்தார். அவர்கள் போய், அவர் அடித்த இருக்கைகளிலேயே உட்கார்ந்தார்கள். படம் முழுக்க அவர் முன்வரிசையின் முதுகைத் தடவித் தடவித் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இருக்கையில் இருந்த பெண்மணி திரும்பிப் பார்த்து, ஒரு வழியாக இடம் மாறிப் போனார். அதற்கடியில் நீலப்பூப் போட்ட துணி. ஒரு கல்யாண மண்டபத்து முதலாளியம்மா, பூ தலைகீழாக இருக்கிறது என்று மூன்று முறை பிரித்து அடிக்க வைத்த வேலை. அந்தப் பூவுக்குத் தலை எது கால் எது என்று படைத்தவனுக்கே தெரியாது.

சிஸ்டர் சொல்லச் சொல்ல அக்கா கட்டிலில் சாய்ந்து சிரித்தாள். சோர்ந்த பக்கம் வாய் கொஞ்சம் கோணியது. அவள் அதைக் கையால் மறைத்துக்கொள்ளவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அப்படிச் சிரித்தது அதுவே முதல் தடவை.

எல்லாவற்றுக்கும் அடியில் பச்சைத் துணி. கனமான, நெருக்கமாக நெய்த துணி. சிஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மற்ற துணிகளில் எல்லாம் ஏதாவது ஒரு மூலையில் ஒட்டுத் தையல் இருந்தது; மிச்சத் துணியென்றால் அப்படித்தான். பச்சையில் ஒட்டே இல்லை. இது மிச்சம் அல்ல. கடையில் போய் முழுசாக வாங்கி வந்த துணி. அந்த வருஷம் அவர்கள் வீட்டில் படுக்கைக்கு இரண்டாவது விரிப்பு கூட இல்லை.

"என்ன யோசனை?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்ல. நல்ல துணி."

பச்சையையும் அதன் கீழிருந்த பஞ்சையும் நாரையும் சாக்குத் துணியையும் எடுத்தபோது செவ்வாய்க்கிழமை மதியம் ஆகிவிட்டது. உள்ளே மூன்று வரிசையாக ஸ்பிரிங்குகள். இங்குமங்கும் சணல் கயிற்றால் இழுத்துக் கட்டி, ஓரக்கட்டையில் ஆணியடித்து நிறுத்தியிருந்தார். கயிறு இற்றுப்போயிருந்தது. நடுவில் இரண்டு மூன்று அறுந்தே இருந்தன. பள்ளத்துக்குக் காரணம் அதுதான். சிஸ்டர் உள்ளங்கையை விரித்து ஸ்பிரிங்குகளின் தலைமேல் ஓட்டினாள். கை வலது பக்கம் போனதும் ஏறியது. வலப்பக்க வரிசை முழுவதும் ஒரு விரல் அகலம் உயர்ந்து நின்றது.

"பாத்தியா! பாத்தியா!" அக்கா கட்டிலிலிருந்தே எம்பினாள். "நான் அன்னைக்கே சொன்னேன். கோணல்! உன் வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டாரா? அளவெடுத்துச் செஞ்சாராம், அளவு!"

"இடது பக்க ஸ்பிரிங் வயசாகித் தளர்ந்திருக்கும்."

"ஆமா, என்னை மாதிரி."

சிஸ்டர் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். எடுத்த கயிற்றை எடுத்த வரிசையிலேயே செய்தித்தாளில் கிடத்தினாள். ஸ்பிரிங்குகளைக் கழற்றித் தரையில் நிறுத்தினாள். நின்றபோது எல்லாம் ஒரே உயரம். ஒன்றுகூடத் தளரவில்லை. அப்படியென்றால் கோணல் ஸ்பிரிங்கில் இல்லை, கட்டினதில்தான். கட்டும்போது இடதை அழுத்தி, வலதை உயர்த்திவிட்டிருக்கிறார்.

புதுக் கயிறு கட்டுவதற்கு முன் ஓரக்கட்டையைத் துடைத்துச் சுத்தம் செய்யலாம் என்று ஈரத்துணியை எடுத்தாள். வலப்பக்கக் கட்டையில் தூசி போனதும், ஆணித் துளைகளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசைத் துளைகள் தெரிந்தன. மரத்தூளும் பசையும் குழைத்து அழகாக அடைத்திருந்தார். இடப்பக்கம் ஒரு வரிசைதான் இருந்தது. வலப்பக்கம் மட்டும் இரண்டு.

சிஸ்டர் துணியைக் கீழே வைத்தாள்.

அதாவது, அவர் முதலில் நேராகத்தான் கட்டியிருக்கிறார். பிறகு வலது பக்கத்தை மட்டும் அவிழ்த்து, பழைய துளையை அடைத்து, உயர்த்திக் கட்டியிருக்கிறார். தவறி நடந்த வேலை இல்லை. வேண்டுமென்றே செய்த வேலை.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் வேலைவிட்டுக் களைத்து வந்த ஒரு சாயங்காலம். முன்னறையில் இந்த நாற்காலி துணி போடாமல், ஸ்பிரிங்குகளின் மேல் வெறும் சாக்கோடு நின்றது. "உட்காரு," என்றார். உட்கார்ந்தாள். பின்னால் போய் நின்று அவள் இரண்டு தோள்களிலும் கை வைத்தார். "எழுந்திரு," என்றார். "உட்காரு." மறுபடியும் தோளில் கை. மறுநாளும் அதே கூத்து. "நான் என்ன துணிக்கடைப் பொம்மையா? பசிக்குது எனக்கு," என்று கத்தினாள். அவர் சிரித்துக்கொண்டே, "ஆச்சு, ஆச்சு, இன்னும் ஒரே தடவை," என்றார். புதுத் தொழில், கைக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சிஸ்டருக்கு வலது கால் ஒரு விரல் அகலம் குட்டை. பயிற்சிக் காலத்தில் ஆஸ்பத்திரிப் படியில் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டே விழுந்தாள். எலும்பு கூடியது, ஆனால் கொஞ்சம் ஏறிக் கூடியது; இடுப்பும் அந்தப் பக்கம் இறங்கிப்போயிற்று. வெளியே தெரிந்தால் நோயாளியைத் தூக்கும் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதனால் செருப்புக்குள் குதிகாலில் துணியை மடித்து வைத்து, நொண்டாமல் நடக்கப் பழகிக்கொண்டாள். கல்யாணம் பேசும்போது அம்மா, "இதை வாயைத் திறந்து சொல்லித் தொலைக்காதே," என்றாள். சொல்லவில்லை. முதலில் பயத்தால், பிறகு இனிமேல் எதற்கு என்று. கடைசிவரை அவருக்குத் தெரியாது என்றே நம்பியிருந்தாள். எத்தனை பேர் இடுப்பைப் பார்த்து, இவருக்கு இந்தப் பக்கம் தாங்கல் வேண்டும், அவருக்கு அந்தப் பக்கம் என்று சொன்னவள்! உட்கார்ந்தால் தான் வலப்பக்கம் சாய்வதை மட்டும் அவள் பார்த்ததில்லை. தன் முதுகைத் தானே பார்ப்பவர் யார்?

அவர் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அவள் அந்த நாற்காலியை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் மானத்தை யார் காப்பாற்றியது?

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்துட்ட?" என்றாள் அக்கா.

சிஸ்டர் துளைகளைக் காட்டினாள். சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னாள். அக்கா கட்டிலிலிருந்தே எட்டி அந்தத் துளைகளைப் பார்த்தாள்.

"நாங்க யாரும் சொல்லல," என்றாள் பிறகு. "அம்மா என்கிட்டயும் சத்தியம் வாங்கியிருந்தா."

"தெரியும்."

"உட்காரறவங்களையே பார்த்துப் பிழைக்கிற மனுஷன். அவர்கிட்டப் போய் மறைச்சோம் பாரு, நாம." அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். "விருந்துக்கு வந்த அன்னைக்கு நான் அவ்வளவு பேசினேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாயை அடைச்சிருக்கலாம்."

"சொன்னா என்னை இல்ல காட்டிக் கொடுத்த மாதிரி ஆயிருக்கும்."

 சிஸ்டர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு டீ போட்டாள்.

கயிறுகள் செய்தித்தாளில் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் முடிச்சு இருந்த இடம் கறுத்துத் தெரிந்தது. புதுக் கயிற்றை அதோடு வைத்து அளந்து கட்டினால் நாற்காலி பழையபடியே, அவளுக்குச் செய்தபடியே, வந்துவிடும். சிஸ்டர் டீக்குடித்து முடிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பழைய கயிற்றை எல்லாம் சுருட்டிக் குப்பையில் போட்டாள். வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்க வேண்டியவள் அவள் இல்லை.

ஸ்பிரிங்குகளைத் தாங்கும் அடிப்பட்டையைப் புதிதாக இழுத்துக் கட்டினாள். அந்த ஒரு வேலைக்கு டெய்லரைக் கூப்பிட்டாள். அவர் இழுத்த இழுப்பில் அவருக்கே இடுப்புப் பிடித்துக்கொண்டது. "சிஸ்டர், துணி வெட்டறவனைக் கப்பல் இழுக்க வைக்கிறீங்களே," என்று முனகிக்கொண்டே பழைய உறைகளை அளவுக்கு எடுத்துப் போனார். ஸ்பிரிங்குகளை முதலில் நேராகக் கட்டினாள். சாக்கை விரித்தாள். அக்காவைக் கொண்டுவந்து உட்கார வைத்து, பின்னால் போய் இரண்டு தோள்களிலும் கை வைத்தாள். இடது தோள் இறங்கியிருந்தது. சோர்ந்த பக்கம் அப்படித்தான் விழும். கட்டிலில் இருந்தால் அந்தப் பக்கம் தலையணை வைத்து முட்டுக் கொடுப்பாள். தலையணைக்கு முட்டுக் கொடுக்கத்தான் தெரியும், எழுப்பிவிடத் தெரியாது.

"எழுந்திரு," என்றாள். தானே தூக்கினாள். இடப்பக்க வரிசையை அவிழ்த்து உயர்த்திக் கட்டினாள். "உட்காரு."

"எத்தனை தடவைடி? நான் என்ன நீ வளர்க்கிற குரங்கா?"

"குரங்கு இவ்வளவு கேள்வி கேட்காது. உட்காரு."

புதன்கிழமையும் இதே, வியாழக்கிழமையும் இதே. முன்பக்கத்தைக் கெட்டியாக்கினாள். முதல் முடிச்சுகள் வழுக்கின. விரல் தோல் உரிந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் தோள்களில் கை வைத்தபோது இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. அக்கா தலையணை இல்லாமல், யாரும் பிடிக்காமல், நேராக உட்கார்ந்திருந்தாள். அவளே அதை உணர்ந்துகொண்டு சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு, "சன்னல் நேரா தெரியுதுடி," என்றாள் மெல்ல. "இத்தனை நாள் சாஞ்சே இருந்தது."

உட்காருவது ஆயிற்று. எழுந்திருப்பது ஆகவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்கப் பாதிவரை எழுவதும் பொத்தென்று விழுவதுமாக இருந்தது. சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள். தூக்கிவிடுவது அவளுக்குச் சுலபம், ஆனால் தூக்கிவிட்டால் கால் கற்றுக்கொள்ளாது.

"முன்னால நகர்ந்து ஓரத்துக்கு வா. பாதத்தைப் பின்னால இழு. குனி. இன்னும் குனி. மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேரா வரணும்."

"மூக்கைத் தரையில தேய்க்கவா?"

"தேய்ச்சாலும் பரவாயில்ல. பின்னால சாஞ்சுக்கிட்டே எழுந்திருக்க ராணிக்குக்கூட முடியாது."

சனிக்கிழமை டெய்லர் உறையைக் கொண்டுவந்தார். பழுப்பு நிறம், வழுக்காத கெட்டித் துணி. இழுத்து அடித்து முடித்து சிஸ்டர் ஒரே ஒருமுறை அதில் உட்கார்ந்து பார்த்தாள். உடனே வலப்பக்கம் வழிந்தாள். இடுப்பில் சுருக்கென்றது. இத்தனை வருஷமாகப் பழகிவிட்டது என்று நினைத்தது எதுவென்று அந்த ஒரு நொடியில் இடுப்பே சொல்லிவிட்டது. எழுந்து போய், துவைத்துக் காய வைத்திருந்த பச்சைத் துணியை எடுத்து நாலாக மடித்து, தன் முக்காலியில் வலப்பக்கத்துக்கு வைத்துக்கொண்டாள். சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். சட்டைப்பையில் இல்லத்தின் விவரம் அச்சடித்த தாள் மடித்து இருந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், தலை சீவி, நேராக.

"காட்டும்மா பார்க்கலாம்," என்றான். 

அக்கா ஓரத்துக்கு நகர்ந்தாள். நல்ல கையைக் கைப்பிடியில் ஊன்றினாள். எம்பினாள். பாதியில் இடது முழங்கால் மடிந்து, திரும்ப உட்கார்ந்துவிட்டாள். மகன் பாய்ந்தான். சிஸ்டர் முக்காலியிலிருந்து எழாமலே அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தொடாதே."

"சித்தி, விழுந்துடுவாங்க."

"விழுந்தா நாற்காலியிலதான் விழுவா. அக்கா, மூக்கு எங்க இருக்கு?"

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். பாதத்தைப் பின்னால் இழுத்தாள். குனிந்தாள், இன்னும் குனிந்தாள். கைப்பிடி ஒருமுறை முனகியது. பின்புறம் மெத்தையை விட்டு எழும்பியது. முழங்கால் ஆடியது, நின்றது. நிமிர்ந்தாள். மகனைவிடக் கொஞ்சம் உயரமாகவே நிற்பதுபோல் நின்றாள்.

"நாற்காலியைப் பிடிச்சுக்கோ," என்றாள் சிஸ்டர். அவ்வளவுதான் சொன்னாள். அவளுடைய கை இரண்டும் மடியில் இறுகிக் கிடந்தன.

மகன் மூக்கை உறிஞ்சினான். தாளை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்து, மறுபடியும் பையில் வைத்தான். பிறகு பக்கத்தில் காலியாக இருந்ததில், அதாவது நாற்காலியில், உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் நெளிந்தான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"சித்தி, இது கோணலா இருக்கே? வலது பக்கம் சரியுது."

சிஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"அது அளவெடுத்துச் செஞ்சதுடா. உன் அளவு இல்ல. எழுந்திரு, என் இடம் அது."